வங்கி பிடித்த 32,000 ரூபாய் யாருடையது?

வருமான வரி பற்றி வந்த கடிதங்களில் இந்த முறை ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். கடிதம் நீளமானது. அதில் உள்ள குழப்பங்கள் வேறு பலருக்கும் இருப்பவை என்பதால், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிச் சுருக்கமாகத் தருகிறேன்.

எழுதியவர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த 57 வயதுப் பெண்மணி. அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்த கணவர் 2023-இல் பணிக்காலத்திலேயே காலமாகிவிட்டார். மாதம் 35,000 ரூபாய் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கணவரின் பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுத் தொகை எல்லாவற்றையும் இரண்டு வங்கிகளிலும் அஞ்சலகத்திலும் வைப்பாகப் போட்டிருக்கிறார். 2025-26 நிதி ஆண்டில் வட்டி மட்டும் 3,60,000 ரூபாய். கணவர் வாங்கி வைத்திருந்த பங்குசார் மியூச்சுவல் ஃபண்டு யூனிட்களை அதே ஆண்டில் விற்றதில் 2,05,000 ரூபாய் லாபம். இரண்டு ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு விட்டதில் 30,000 ரூபாய்.

வட்டியிலிருந்து இரண்டு வங்கிகளும் சேர்ந்து 32,000 ரூபாய் எடுத்துக்கொண்டுவிட்டன. வங்கி கொடுத்த 16ஏ சான்றிதழில் ‘டிடக்‌ஷன்’ என்ற சொல்லைப் பார்த்த வாசகி, தமக்கு 32,000 ரூபாய் சலுகை கிடைத்திருக்கிறது என்று முதலில் மகிழ்ந்திருக்கிறார். கொழுந்தனார் அகராதியைப் புரட்டி, கழித்தல், பிடித்தம், தள்ளுபடி, குறைப்பு என்று நான்கு பொருள்களை வாசித்துக் காட்டியதும் மகிழ்ச்சி குழப்பமாகிவிட்டது. சென்னையில் வேலை பார்க்கும் மகனோ, “பன்னிரண்டே முக்கால் லட்சம் வரை வரி விலக்கு அம்மா. நீ கணக்கே தாக்கல் செய்ய வேண்டாம். அடுத்த வருடம் வங்கி பிடிக்காமல் இருக்கப் பெரிய டெபாசிட்டை என் பெயருக்கு மாற்றிவிடு” என்கிறார். தெரிந்த காப்பீட்டு முகவர் ஒருவர், ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பிரீமியம் கட்டும் பாலிசி ஒன்றை எடுத்தால் ‘முழு வரி விலக்கு’ உண்டு என்று படிவத்தோடு வந்துபோயிருக்கிறார். இதற்கிடையில், 2024-25 நிதி ஆண்டுக்கு நீங்கள் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று வருமான வரித் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல். “வழக்குப் போட்டுவிடுவார்களா?” என்பதுதான் கடிதத்தின் கடைசி வரி.

அம்மா, கடைசி வரிக்கு முதலில் பதில். வழக்கு வராது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் துறைக்குக் கடன்பட்டிருப்பதாகப் பயப்படுகிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், துறைதான் உங்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் வழி கணக்குத் தாக்கல். உங்கள் மகன் வேண்டாம் என்று சொல்வது அந்த வழியைத்தான்.

கொழுந்தனாரின் அகராதி தப்பில்லை. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்லை வரிச் சட்டம் இரண்டு வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துகிறது. உங்கள் வருமானத்திலிருந்து ஒரு தொகையைக் குறைத்துவிட்டு மீதிக்கு வரி போட்டால், அது கழிவு. அது உங்களுக்கு லாபம். உங்களுக்கு வர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை வங்கியே எடுத்து, உங்கள் பான் எண்ணில் அரசுக் கணக்கில் கட்டினால், அது பிடித்தம். அது சலுகையும் இல்லை, வரியின் இறுதிக் கணக்கும் இல்லை. வரி வந்தாலும் வரும் என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளும் பணம். 16ஏ சான்றிதழில் இருப்பது இந்த இரண்டாவது வகை. அந்த 32,000 ரூபாய் இப்போதைக்கு அரசிடம் உங்கள் பெயரில் இருக்கிறது. கணக்கை முடித்து, போக மீதியைத் திரும்பப் பெறுவது உங்கள் உரிமை.

மகன் சொன்னதில் உள்ள பிழைக்குப் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. 2025 பிப்ரவரி 1 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டை வாசித்த மறுநாள், ‘12 லட்சம் வரை வரி விலக்கு’ என்று பல நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் போட்டன. விலக்கு என்றால் அந்த வருமானம் வரிக் கணக்குக்குள்ளேயே வராது. உங்கள் கணவர் இறந்தபோது வந்த ஆயுள் காப்பீட்டுத் தொகை, அரசுப் பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி ஆகியவை அப்படிப்பட்டவை. அவற்றை நினைத்து நீங்கள் கவலைப்படவே வேண்டாம். அந்தப் பணத்தை வங்கியில் போட்ட பிறகு வருகிற வட்டிக்கு மட்டும் விலக்கு கிடையாது. பட்ஜெட் கொடுத்ததோ தள்ளுபடி. வரி கணக்கிடப் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு; நான் உங்களுக்குக் கணக்குப் போடும் புதிய வரி முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம்தான். அதற்கு மேல் வழக்கம்போல வரி போடுவார்கள். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாவிட்டால், போட்ட வரியில் 60,000 ரூபாய் வரை 87ஏ பிரிவின்படி தள்ளுபடி செய்வார்கள். முடிவில் கையிலிருந்து போகும் தொகை இரண்டிலும் பூஜ்யமாக இருக்கலாம். ஆனால் வரி போட்டுப் பிறகு தள்ளுபடி செய்ய வேண்டுமானால் நீங்கள் கணக்குக் கொடுத்தாக வேண்டும். தவிர, எல்லா வரிக்கும் அந்தத் தள்ளுபடி கிடைக்காது. உங்கள் விஷயத்தில் அது முக்கியம்.

உங்கள் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னோடு கூடவே எழுதுங்கள்.

குடும்ப ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய். மகன் சொன்ன பன்னிரண்டே முக்கால் லட்சத்தில் அந்த முக்கால் என்பது சம்பளக்காரர்களுக்கும், தாமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கும் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு. குடும்ப ஓய்வூதியத்தைச் சட்டம் சம்பளமாகப் பார்ப்பதில்லை; ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் வைக்கிறது. அதனால் அந்த 75,000 உங்களுக்குக் கிடையாது. ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்கான கழிவு. ஆக 25,000 போக 3,95,000. கணவனை இழந்தவர்களுக்குக் கழிவு கூடுதலாக இருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டம் இப்போதைக்கு இப்படித்தான் இருக்கிறது.

இதனுடன் வட்டி 3,60,000 சேர்த்தால் 7,55,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 3,55,000 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் 17,750 ரூபாய். இது முழுவதும் 87ஏ தள்ளுபடியில் போய்விடும்.

அடுத்தது ஃபண்டு விற்ற லாபம். கணவர் வாங்கிய யூனிட்கள் வாரிசு முறையில் உங்களுக்கு வந்தால், அவர் வாங்கிய விலைதான் உங்கள் விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்கள் காலத்தோடு சேரும். ஆகவே இது நீண்ட கால லாபம். ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை இந்த லாபத்துக்கு வரி இல்லை. மிச்சம் 80,000 ரூபாய்க்கு 12.5 சதவீதம் என்றால் 10,000 ரூபாய். இந்த வரிக்கு 87ஏ தள்ளுபடி கிடையாது. உங்கள் மொத்த வருமானம் 9,60,000 ரூபாய்தான், 12 லட்சத்துக்கு வெகு கீழே. அப்படியிருந்தும் இந்தப் பத்தாயிரத்தைக் கட்டியே ஆக வேண்டும். வரியின் மேல் போடும் 4 சதவீதக் கூடுதல் வரியான செஸ் சேர்த்து 10,400 ரூபாய்.

பிடித்தது 32,000. வரி 10,400. திரும்ப வர வேண்டியது 21,600 ரூபாய்.

குத்தகைப் பணத்தை நான் மறந்துவிடவில்லை. விவசாய வருமானத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் விலக்கு வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்காக மட்டும் அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் 30,000 ரூபாயைச் சேர்த்துப் பார்த்தேன். அதே 5 சதவீத அடுக்குக்குள்ளேயே நிற்பதால் தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. படிவத்தில் மட்டும் காட்டிவிடுங்கள். குத்தகைச் சீட்டு பத்திரமாக இருக்கட்டும்.

தாக்கல் செய்யாமல் இருக்கலாமா?

கூடாது. பணம் திரும்ப வர வேண்டும் என்பது ஒரு காரணம். சட்டப்படியும் உங்களுக்கு அது கட்டாயம். தள்ளுபடிக்குப் பின் வரி வருகிறதா என்று சட்டம் பார்ப்பதில்லை. தள்ளுபடிக்கு முன் வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டுகிறதா என்றுதான் பார்க்கிறது. உங்களுக்குத் தாண்டுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. 60 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஓராண்டில் 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் பிடித்தம் செய்யப்பட்டிருந்தாலே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2022-இல் விதி கொண்டுவந்தார்கள்.

கடைசி நாள் ஜூலை 31. சென்ற ஆண்டு செப்டம்பர் 16 வரை நீட்டித்தார்கள் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். நாள் தவறினால் டிசம்பர் 31 வரை வாய்ப்பு உண்டு என்றாலும், உங்கள் வருமானத்துக்கு 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டதே என்று குழம்பவும் வேண்டாம். 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டம்தான்.

இணையத்தில் எளிதாகத் தெரியும் ஐடிஆர்-1 படிவம் உங்களுக்குப் பொருந்தாது. ஃபண்டு லாபம் 1,25,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, குத்தகை வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. எனவே ஐடிஆர்-2. பக்கத்து கம்ப்யூட்டர் சென்டரில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ஐடிஆர்-1 போட்டுக் கொடுத்துவிடுவார்கள். லாபத்தை விட்டுவிட்டால் 32,000 ரூபாயும் திரும்ப வந்துவிடும் என்று ஆசையும் காட்டலாம். ஃபண்டு நிறுவனம் உங்கள் விற்பனையை ஏற்கெனவே துறைக்குத் தெரிவித்திருக்கும். பின்னால் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு தாக்கல் செய்யுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தக் கணக்கை வங்கிகள் மே இறுதிக்குள்தான் துறைக்குக் கொடுக்கும். 16ஏ அதன்பிறகுதான் முழுமையாகக் கிடைக்கும். துறையின் இணையதளத்தில் நுழைந்து 26ஏஎஸ் (உங்கள் பான் எண்ணில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (உங்கள் வருமானம் பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் தொகுப்பு) என்ற இரண்டு அறிக்கைகளையும் எடுத்து, வங்கிச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். அஞ்சலக வட்டி 50,000 ரூபாய்க்குக் கீழே இருப்பதால் அதில் பிடித்தம் இல்லை. பிடிக்கவில்லை என்பதற்காக அதைக் கணக்கில் காட்டாமல் விடுகிறவர்கள் ஏராளம். நீங்கள் 3,60,000 என்று சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறீர்கள். நல்லது.

ஒப்பிடும்போது ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உங்களைப் போன்ற நிலையில் இருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. கணவரும் மனைவியும் சேர்ந்து போட்ட டெபாசிட்டில் முதல் பெயர் கணவருடையதாக இருந்திருக்கும். அவர் காலமான பிறகு பெயரை மாற்றும்போது, வங்கி ஊழியர் பான் எண்ணை மாற்ற மறந்திருப்பார். பிடித்தம் இறந்தவரின் பான் எண்ணிலேயே போய்க்கொண்டிருக்கும். உங்கள் 26ஏஎஸ் அறிக்கையில் 32,000 ரூபாயும் தெரிகிறதா என்று பாருங்கள். குறைந்தால், வங்கிக்கு எழுத்து மூலமாகக் கடிதம் கொடுத்துப் பிடித்தக் கணக்கைத் திருத்தச் சொல்லுங்கள். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபண்டுக்கு உரிய லாப அறிக்கையை, ஃபண்டு முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் நிறுவனத்தின் தளத்தில் எடுக்கலாம். அதில் கணவர் வாங்கிய நாளும் விலையும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியவையாக இருந்தால், அந்த நாளின் மதிப்பை அடிப்படை விலையாகக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. லாபம் 2,05,000-இலிருந்து குறையவும்கூடும்.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்க வேண்டும். அதை விட்டால் தாக்கல் செய்ததாகவே ஆகாது. பணம் வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்பே பதிவு செய்து வையுங்கள்.

சென்ற ஆண்டின் கதை

2024-25-க்கு நீங்கள் அனுப்பிய விவரம்: ஓய்வூதியம் 3,96,000, வட்டி 3,20,000, பிடித்தம் 28,400. கழிவு போக மொத்தம் 6,91,000 ரூபாய். அந்த ஆண்டில் தள்ளுபடிக்கான வரம்பு 7 லட்சம். மயிரிழையில் உள்ளே நிற்கிறீர்கள். போட வேண்டிய வரி 19,550 ரூபாய், தள்ளுபடிக்குப் பின் பூஜ்யம். அதாவது 28,400 ரூபாயும் உங்களுடையது.

வழக்கு வராது என்று மேலே சொன்னேன் அல்லவா? கணக்குத் தாக்கல் செய்யாததற்குக் குற்ற வழக்குத் தொடரச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் பிடித்தம் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயைத் தாண்டாத தனிநபர்கள் மேல் அதைத் தொடர முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் கட்ட வேண்டியது எதுவும் இல்லை. வந்திருப்பது நினைவூட்டல். ஆனாலும் அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். துறையின் பெயரில் மோசடி மின்னஞ்சல்கள் சுற்றுகின்றன. தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், அங்கே அதே செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே பதில் அளிக்கலாம். துறையிலிருந்து முறையான நோட்டீஸ் வந்தால் அதில் ஆவண அடையாள எண் இருக்கும். 2019 அக்டோபர் முதல் அது கட்டாயம்.

பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் சிரமம். அந்த ஆண்டுக்கான தாமதத் தாக்கலுக்கு 2025 டிசம்பர் 31-உடன் கதவு மூடிவிட்டது. ‘புதுப்பித்த கணக்கு’ என்று நான்கு ஆண்டுகள் வரை தாக்கல் செய்யும் வழி இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது கூடுதல் வரி கட்டுவதற்கான வழி. அதில் திரும்பப் பெற முடியாது. உங்களுக்கு மிச்சம் இருப்பது தாமதத்தை மன்னிக்கும்படி கேட்கும் மனு. 119(2)(பி) பிரிவு. சம்பந்தப்பட்ட மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதி ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். உங்களுக்கு 2031 மார்ச் 31 வரை நேரம் இருக்கிறது. இணையதளத்திலேயே மனுப் போடலாம்.

மனுவில் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதினால் எடுபடாது. நியாயமான காரணம் வேண்டும். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில், 2025 ஆகஸ்டில் இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதையும் நான்கு மாதம் படுக்கையில் இருந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனுவுக்கு அதுதான் உயிர். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சுருக்கம், பில்கள், மருத்துவரின் ஓய்வுச் சான்றிதழ் மூன்றையும் இணையுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதிகாரியின் முடிவு அது; கிடைத்தாலும் வட்டி சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் மாதப் பென்ஷனில் பெரும்பகுதிக்குச் சமமான தொகையைக் கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாலிசியும் மகனின் யோசனையும்

முகவர் பேசுவது 80சி பிரிவு. ஒன்றரை லட்சம் வரை கழிவு தரும் அந்தப் பிரிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. உங்களுக்காகப் பழைய முறையிலும் கணக்குப் போட்டேன். குடும்ப ஓய்வூதியத்துக்கு அங்கே கழிவு 15,000 மட்டும். பாலிசிக்கு ஒன்றரை லட்சம் கட்டி முழுக் கழிவும் எடுத்துக்கொண்டால் வருமானம் 6,15,000. குத்தகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வரி 35,500 ரூபாய், செஸ் தனி. பழைய முறையில் தள்ளுபடி 5 லட்சத்தோடு நின்றுவிடும். புதிய முறையில் இதே வருமானத்துக்கு நீங்கள் கட்டுவது பூஜ்யம். ஒன்றரை லட்சமும் கட்டி, முப்பத்தைந்தாயிரம் வரியும் கட்டுவதற்குப் பெயர் ‘முழு வரி விலக்கு’ என்றால், அந்த முகவர் முதலில் அதைத் தாமே எடுத்துக்கொள்ளட்டும். காப்பீடு தேவை என்று தோன்றினால் அந்தத் தேவைக்காக எடுங்கள். அதிலும் 57 வயதில், நீங்கள் சம்பாதித்து யாரையும் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாதபோது, ஆயுள் காப்பீட்டைவிட மருத்துவக் காப்பீட்டைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்றால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

மகனின் யோசனை கெட்ட எண்ணத்தில் வந்தது என்று நான் நினைக்கவில்லை. கணக்குதான் தவறு. அவருடைய வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ பதினாறரை லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இருப்பது 20 சதவீத அடுக்கில். 2,10,000 ரூபாய் வட்டி தரும் அந்த டெபாசிட் அவர் பெயருக்குப் போனால், வட்டிக்கு அவர் 42,000 ரூபாயும் செஸ்ஸும் கட்டுவார். இன்று அந்த வட்டிக்கு உங்கள் கையில் வரியே இல்லை. பிடிப்பது வெறும் 21,000. அதுவும் திரும்பக் கிடைக்கும். திரும்ப வரும் 21,000-க்குப் பயந்து, திரும்பாத 42,000-ஐ ஏன் கொடுக்க வேண்டும்?

வரியை விட்டுவிட்டு ஒரு வார்த்தை. மகன் பெயருக்கு மாற்றினால் அது அன்பளிப்பு. உறவுக்குள் கொடுத்ததால் அவருக்கு வரி இல்லை. ஆனால் பணம் சட்டப்படி அவருடையதாகிவிடும். அவருக்குக் கடன் வந்தால், குடும்பத்தில் மனஸ்தாபம் வந்தால், நீங்கள் கேட்டு வாங்கும் நிலைக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்குப் பின் அவருக்குப் போக வேண்டும் என்றால் நியமனதாரராக (நாமினி) அவர் பெயரைப் பதிவு செய்தால் போதும். மகளும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வங்கி நியமனம் மட்டும் பங்கைத் தீர்மானிக்காது என்பதால், யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு உயிலில் எழுதி வையுங்கள்.

அடுத்த ஆண்டு பிடிக்காமல் இருக்க

இதற்கு டெபாசிட்டை மாற்ற வேண்டாம். ஒரு படிவம் போதும். நீங்கள் 15ஜி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிய சட்டத்தில் எண்கள் மாறினாலும் உறுதிமொழி அதேதான்: இந்த ஆண்டு எனக்கு வரி வராது, எனவே பிடிக்காதீர்கள் என்பது. 60 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு இரண்டு நிபந்தனைகள். மொத்த வருமானத்துக்குக் கடைசியில் வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். வட்டி போன்ற வருமானங்களின் கூட்டுத்தொகை விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வரி பூஜ்யமானாலும் வட்டி 4 லட்சத்தைத் தாண்டினால் கொடுக்க முடியாது.

உங்கள் வட்டி இப்போது 3,60,000. ஃபண்டு விற்ற பணத்தையும் டெபாசிட்டாகப் போட்டிருந்தால் இந்த ஆண்டு 4 லட்சத்தைத் தொட்டுவிடலாம். எல்லா வங்கிகளையும் அஞ்சலகத்தையும் கூட்டிப் பாருங்கள். தாண்டினால் படிவம் கொடுக்காதீர்கள். பிடிக்கட்டும், தாக்கல் செய்து வாங்கிக்கொள்ளலாம். ‘எல்லோரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள்’ என்று வங்கி மேசையில் சொல்வார்கள். பொய்யான உறுதிமொழிக்குப் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது, மேசைக்குப் பின்னால் இருப்பவருடையது அல்ல. இன்னும் ஃபண்டு மிச்சம் இருந்து, இந்த ஆண்டும் 1,25,000 ரூபாய்க்கு மேல் லாபத்தில் விற்கும் எண்ணம் இருந்தாலும் படிவம் கூடாது. விற்பதாக இருந்தால் ஆண்டுக்கு அந்த வரம்புக்குள் வரும்படி கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் அந்த லாபத்துக்கு வரியே வராது. அவசரச் செலவு இல்லை என்றால் அப்படிச் செய்யுங்கள்.

உங்களுக்கு 60 வயது நிறைவடையும் நிதி ஆண்டில், பிறந்தநாள் மார்ச் கடைசியில் வந்தாலும், அந்த ஆண்டு முழுவதற்கும் மூத்த குடிமகளாகக் கருதப்படுவீர்கள். இன்றைய விதிகளின்படி, ஒரு வங்கியில் வட்டி ஒரு லட்சம் வரை பிடித்தம் கிடையாது. அதற்கு மேல் போனாலும் மூத்த குடிமக்களுக்கான உறுதிமொழியில் அந்த 4 லட்ச நிபந்தனை இல்லை. அந்த ஏப்ரலில் முதல் வேலையாக இரண்டு வங்கிகளுக்கும் போய்ப் பிறந்த தேதி ஆவணத்தைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள்.